நேர்சிங் படிக்க ஆசைப்படுற மட்டக்களப்பு, அம்பாறை பிள்ளையளுக்கு: அடிக்கடி கேட்கிற கேள்வியளும் பதிலும்

ஏ/எல் ரிசல்ட் வந்த கிழமையெண்டா வாகரையில இருந்து பொத்துவில் மட்டும் ஒரே கேள்விதான். வோர்ட்டுக்கு ஆள் பார்க்க வாற அம்மாமார் கூட கட்டில் பக்கத்தில நிண்டு "மிஸ், என்ட மகளுக்கு நேர்சிங் கிடைக்குமா, எங்க ஃபோம் எடுக்கிற" எண்டு கேட்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் நிண்டு சொல்ல நேரம் கிடைக்காது, அரைகுறையா சொல்லி விட்டா அவங்க வேற யாரிட்டயோ கேட்டு காசக் கட்டிப் போட்டு வந்து நிப்பாங்க. அதனாலதான் எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதுறன்.

நேர்சாக வாறதுக்கு எத்தனை வழி இருக்கு?

அரசாங்கப் பக்கம் ரெண்டு வழி. ஒண்டு கம்பஸ் வழி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மூலமா தெரிவாகி 4 வருஷம் பிஎஸ்சி நேர்சிங் படிக்கிறது. மற்றது சுகாதார அமைச்சிட தாதியர் கல்லூரி, அது 3 வருஷ டிப்ளோமா, வர்த்தமானியில விளம்பரம் வந்தாப் பிறகுதான் விண்ணப்பிக்கலாம். மட்டக்களப்பிலயும் தாதியர் கல்லூரி இருக்கு, அம்பாறையிலயும் இருக்கு. ஆனா இங்கத்த பிள்ளைக்கு இங்கதான் கிடைக்கும் எண்டு நினைக்காதீங்க, எந்தக் கல்லூரிக்கு அனுப்புறாங்களோ அங்க போகத்தான் வேணும்.

மூண்டாவது, காசு கட்டி பிரைவேட்டா படிக்கிறது. அதைப் பற்றி கீழ தனியா சொல்றன், ஏனெண்டா கூடுதலா ஏமாறுறது அங்கதான்.

எல்லாத்துக்கும் முதல் எதைப் பார்க்கணும்?

ரெஜிஸ்ட்ரேஷன். நீங்க எங்க படிச்சாலும், என்ன சேர்டிபிகட் கையில இருந்தாலும், கடைசியில உங்கட பேர் இலங்கைத் தாதியர் பேரவையில பதியப்படுமா இல்லையா எண்டதுதான் கேள்வி. அந்தப் பேரவை 1988ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டத்தால உருவானது. வெளிநாட்டுக்குப் போகப் போனாலும் அவங்க முதல் கேட்கிற கடிதம் இந்தப் பேரவையில இருந்துதான். பேர் பதியாட்டி வெள்ளை உடுப்புப் போட்டு நாலு வருஷம் வேலை செய்தாலும் நீங்க உதவியாளர் கணக்குத்தான். ஒரு பாடநெறிக்கு சேர முதல் "இத முடிச்சா பேரவையில பதியலாமா" எண்டு அந்த இடத்திலயும் கேளுங்க, பேரவையிட்ட நேரயும் கேளுங்க. ரெண்டு பதிலும் ஒண்டா இருந்தா மட்டும் அடுத்த அடி வைங்க.

டிகிரிக்கு என்ன பாடம் படிச்சிருக்கணும்?

உயிரியல் பிரிவு. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூண்டும் பாஸ் பண்ணியிருக்கணும், கொமன் ஜெனரல் பேப்பருக்கு ஆகக் குறைஞ்சது 30 புள்ளி எடுத்திருக்கணும். இந்த 30 ஐ கனபேர் கணக்கிலயே எடுக்கிறதில்ல, மெயின் பாடத்துக்கு விடிய விடிய படிச்சிப்போட்டு அந்தப் பேப்பருக்கு சும்மா போய் உக்காருறது, அப்படிச் செய்யாதீங்க தங்கச்சி, அதில விழுந்தா எந்த இசட் ஸ்கோரும் (கம்பஸுக்குத் தெரிவு செய்ய ஏ/எல் புள்ளியள வைச்சிக் கணக்கிடுற எண்) காப்பாத்தாது. பௌதிகவியல் வராது எண்டு பயப்படுற பிள்ளையளும் கனக்க இருக்கு, நேர்சிங்குக்கு அதில ஏ எடுக்கத் தேவையில்ல, ஆனா விட்டுப் போடவும் ஏலாது.

இசட் ஸ்கோர் எவ்வளவு வந்தா கிடைக்கும்?

இத்தனை வந்தா நிச்சயம் எண்டு யாராவது சொன்னா நம்ப வேண்டாம். வெட்டுப்புள்ளி வருஷத்துக்கு வருஷம் மாறும், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். இடங்கள் பிரிக்கிற முறை இதுதான்: 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில, 55 வீதம் மாவட்டத்திட சனத்தொகைக்கு ஏத்த மாதிரி, மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு மேலதிகமா. அந்த 16 இல மட்டக்களப்பும் இருக்கு, அம்பாறையும் இருக்கு. அதனால கொழும்பில படிச்ச உங்கட சொந்தக்காரப் பிள்ளைக்குக் கிடைக்காத ஸ்கோரில உங்களுக்குக் கிடைக்கலாம். போன வருஷங்களிட வெட்டுப்புள்ளிய ஆணைக்குழுட வெப்சைட்டில உங்கட மாவட்டத்துக்கு நேர எடுத்துப் பாருங்க, ஒரு வருஷம் மட்டும் பாராம மூண்டு நாலு வருஷத்தப் பாருங்க, அப்பதான் எந்தப் பக்கம் போகுது எண்டு பிடிபடும். பரீட்சை எடுக்க 3 தடவை இருக்கு, முதல் தடவை வராட்டி உலகம் முடியல்ல.

எந்தெந்த கம்பஸில நேர்சிங் இருக்கு?

கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு, யாழ்ப்பாணம், மறுகா எங்கட கிழக்குப் பல்கலைக்கழகம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில இது வந்தாறுமூலையில இல்ல, சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில, பிள்ளையாரடியில. மருத்துவபீடப் பிள்ளையளும் நேர்சிங் பிள்ளையளும் ஒரே பீடம்தான். வோர்ட் பயிற்சி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில, வீட்டில இருந்து பஸ்ஸில வந்து போகக்கூடிய பிள்ளையளுக்கு இது பெரிய உதவி. படிப்புக்குக் காசில்ல, வீட்டு வருமானத்தப் பார்த்து மகாபொல, பேசரி எண்ட உதவிப்பணம் கிடைக்கும்.

கம்பஸ் ஃபோமில நேர்சிங்க எத்தனையாவதா போடணும்?

உண்மையா விரும்புற ஒழுங்கிலயே போடுங்க. மேல போட்டது கிடைச்சா கீழ உள்ளது உங்களுக்குத் தரமாட்டாங்க. சில பிள்ளையள் யாரோ சொன்னாங்க எண்டு விருப்பமில்லாத ஒண்ட மேல போட்டு, அது கிடைச்சாப் பிறகு வந்து அழுறாங்க. ஒவ்வொரு கம்பஸுக்கும் பாடத்துக்கும் யுனிகோட் எண்டு ஃபோமில போடுற தனித்தனி குறியீடு இருக்கு, யாழ்ப்பாண நேர்சிங்கும் மட்டக்களப்பு நேர்சிங்கும் ரெண்டு கோட். தூரம் பரவாயில்ல எண்டா எல்லாத்தையும் போடுங்க, ஒரே ஒரு கம்பஸ மட்டும் போட்டுட்டு மிச்சத்த வெறுமையா விட வேண்டாம். ஃபோம் நிரப்புற நாளில கொமியூனிகேஷன் கடையில உள்ள தம்பியிட்ட விட்டுப்போட்டு வராம பக்கத்தில இருந்து ஒவ்வொரு கோட்டயும் வாசிச்சி சரி பாருங்க.

ஆர்ட்ஸ், கொமர்ஸ் படிச்சவங்களுக்கு?

டிகிரிக்கு ஏலாது. டிப்ளோமாவுக்கு எந்தப் பிரிவு எடுக்கிறாங்க எண்டது அந்தந்த ஆட்சேர்ப்பு வர்த்தமானியில எழுதியிருக்கும். வயசெல்லை, உயரம், ஓ/எல் இல கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தாய்மொழிக்கு என்ன சித்தி எண்டதும் அதிலதான். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில வாறது, தமிழிலயும் வரும். ஃபேஸ்புக்கில ஒருத்தர் சுருக்கிப் போட்டத வாசிச்சி விண்ணப்பிக்காதீங்க, முழு வர்த்தமானிய எடுத்து ஒரு வரி விடாம வாசிங்க, முடிவுத் திகதிய கலண்டரில வட்டம் போட்டு வைங்க.

டிப்ளோமாவா டிகிரியா, எது நல்லம்?

இதுக்கு ஒரே பதில் எல்லாருக்கும் பொருந்தாது, ஆனா என்ட கருத்த ஒளிக்காம சொல்றன். வீட்டில கஷ்டம், கெதியா ஒரு வருமானம் வேணும் எண்டா டிப்ளோமா நல்லம், படிக்கிற காலத்தில கொடுப்பனவு தருவாங்க, அமைச்சே பயிற்சி தந்து அமைச்சே வேலைக்கு எடுக்குது. சேரக்குள்ள ஒரு ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்கணும், இத்தனை காலம் அரச சேவையில இருக்கணும் எண்டு, பிணைக்கு ஆக்களும் வைக்கணும். அத வாசிக்காம கையெழுத்து வைக்காதீங்க.

டிகிரி எண்டா ஒரு வருஷம் கூட, ஆனா ஆராய்ச்சி, நிர்வாகம், படிப்பிக்கிற வேலை, மேற்படிப்பு, வெளிநாடு எண்டு கதவு கொஞ்சம் அகலமாத் திறக்கும். ஒண்ட மட்டும் விளங்கிக்கொள்ளுங்க, டிகிரி முடிச்ச அண்டைக்கே அரச நியமனம் கையில வராது, அமைச்சு ஆட்சேர்ப்பு செய்யிற நேரம் பார்த்து விண்ணப்பிக்கணும். டிப்ளோமா முடிச்சவங்களுக்கும் டிகிரி எட்டாத விஷயமில்ல, பதிவு பெற்ற நேர்ஸ்மாருக்கெண்டே திறந்த பல்கலைக்கழகத்தில பிஎஸ்சி நேர்சிங் இருக்கு. என்னோட வேலை செய்யிற ஒரு அக்கா ரெண்டு பிள்ளையளப் பெத்தாப் பிறகுதான் அதைப் படிச்சா, நைட் டியூட்டி முடிஞ்சி வந்து பிள்ளையள ஸ்கூலுக்கு அனுப்பிப்போட்டு புத்தகத்தோட உக்காருவா. படிக்கணும் எண்டு இருந்தா பிறகும் படிக்கலாம்.

பிரைவேட் இடத்தில 'நேர்சிங் டிப்ளோமா' எண்டு போட்டிருக்கு, சேரலாமா?

பொறுங்க. பிரைவேட் எல்லாம் பொய் எண்டு நான் சொல்லல்ல, பெரிய தனியார் வைத்தியசாலைகள் ஒழுங்கா பயிற்சி குடுக்குது. ஆனா ரவுணுக்குள்ள ஒரு மாடியில ரெண்டு அறைய எடுத்து, ஒரு பொம்மையும் ஒரு பிபி மெஷினும் வைச்சி, ஆறு மாசத்தில நேர்சாக்கிறம் எண்டு போர்ட் போடுற இடங்களும் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் தாலிக்கொடிய அடகு வைச்சி மகளச் சேர்த்தாங்க, சேர்டிபிகட் மினுக்கமா வந்திச்சி, அதைக் கொண்டு எந்த அரச ஹொஸ்பிட்டலுக்கும் நேர்ஸ் எண்டு போக ஏலாமப் போச்சி. அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, சரியான வழி ஒண்ட முதலே யாரும் காட்டியிருந்தா இண்டைக்கு எங்களோட வோர்ட்டில நிண்டிருப்பா.

காசு கட்ட முதல் கேளுங்க. பேரவைப் பதிவு கிடைக்குமா? வோர்ட் பயிற்சி எந்த ஹொஸ்பிட்டலில, கட்டில் உள்ள ஹொஸ்பிட்டலா, இல்லாட்டி ஒரு டிஸ்பென்சரியா? போன பேட்ச் முடிச்ச பிள்ளையள் இப்ப எங்க வேலை செய்யிறாங்க, அவங்களில ஒருத்தரோட பேசலாமா? இடையில விட்டா காசு திரும்ப வருமா? இதுக்கு முகம் சுழிச்சா, "அதெல்லாம் பிறகு பார்ப்பம், இண்டைக்குக் கட்டினா டிஸ்கவுண்ட்" எண்டு சொன்னா, எழும்பி வந்திடுங்க.

கெயார்கிவர் கோஸ், என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) நேர்ஸ் அசிஸ்டன்ட் எல்லாம்?

அதுவும் மரியாதையான தொழில்தான், வயசானவங்களப் பார்க்கிற வேலைக்கு வெளிநாட்டில தேவை இருக்கு. ஆனா அது பதிவு பெற்ற நேர்ஸ் இல்ல, அதைப் படிச்சிட்டு நேர்சாக பதவி உயரலாம் எண்டு யாரும் சொன்னா நம்ப வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தர், அதுதான் ஊரில எடை பார்க்க, கர்ப்பிணித் தாய்மாரப் பார்க்க வாற மிஸ், அதுவும் வேற ஆட்சேர்ப்பு.

ஆங்கிலம் வராது, சமாளிக்கலாமா?

டிகிரி ஆங்கிலத்திலதான். முதல் வருஷம் உடற்கூறு, உடற்றொழில், உயிர்இரசாயனம், நுண்ணுயிர் எண்டு வரிசையா வரும், லெக்சர் ஓடுற வேகத்தில பாதிப்பேர் மிரண்டு போவாங்க. படுவான்கரையில இருந்து, ஊர்ப் பாடசாலையில இருந்து வந்த பிள்ளையள் கடைசி வருஷத்தில மேடையேறி ஆங்கிலத்தில தங்கட ஆராய்ச்சியச் சொல்றத நான் கேட்டிருக்கன். ரிசல்ட்டுக்கும் கம்பஸ் துவங்குறதுக்கும் இடையில நீளமான காலம் கிடைக்கும், அந்தக் காலத்த ஆங்கிலத்துக்குக் குடுங்க. மருந்து மட்டையில, மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சி வைச்சிருக்கிற கடதாசியில உள்ளத வாசிச்சிப் பழகுங்க, காசு செலவில்லாத பாடம் அது.

சிங்களமும் படிங்க. அம்பாறை பொது வைத்தியசாலையில போட்டா, இல்லாட்டி முதல் நியமனம் பொலன்னறுவைக்கோ கொழும்புக்கோ வந்தா, "எங்க நோகுது" எண்டு கேட்கிறதுக்கே அது வேணும். அரச உத்தியோகத்தருக்கு ரெண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சியும் கேட்பாங்க.

ரெத்தம் கண்டா தலை சுத்துது. நான் நேர்சாக ஏலுமா?

ஏலும். முதல் மாசம் கனபேருக்கு அப்படித்தான், பழகிடும். நீங்க யோசிக்க வேண்டியது ரெத்தத்தப் பற்றி இல்ல, இந்த வேலையில கூடுதலான நேரம் போறது வேற விஷயங்களுக்கு.

ஒரு உதாரணம். டொக்டர் ஒரு லீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில ஏத்தச் சொல்லி எழுதியிருப்பார். உங்கட கையில உள்ள சேலைன் குழாய் செட் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விடுற செட். 1000 ஐ 20 ஆல பெருக்கி 480 நிமிஷத்தால பிரிச்சா நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 42 துளி வரும். மணிக்கூட்ட துளி விழுற சேம்பருக்குப் பக்கத்தில பிடிச்சி, விழுற துளிய எண்ணி, குழாயில உள்ள ரோலர கொஞ்சம் கொஞ்சமா உருட்டி 42 க்குக் கொண்டு வரணும். அந்த நேரம் பக்கத்துக் கட்டில் ஆள் தண்ணி கேட்பார், டெலிபோன் அடிக்கும், ஆரோ ஒருத்தர் "மிஸ் கெதியா வாங்க" எண்டு கூப்பிடுவாங்க, எண்ணிக்கை பிழைச்சா திரும்ப முதலில இருந்து எண்ணணும். இதயம் பலவீனமான ஒரு வயசாளிக்கு அது வேகமா ஓடினா நுரையீரலுக்குள்ள தண்ணி கோர்த்து மூச்சு முட்டும். ஓ/எல் கணக்குத்தான், ஆனா அதில ஒரு உயிர் இருக்கு.

இன்னொண்டு, வாதம் வந்து படுக்கையில உள்ளவங்கள ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைக்கணும். குதிகாலயும் இடுப்புக்குக் கீழ எலும்பு முட்டுற இடத்தயும் ஒவ்வொரு முறையும் பார்க்கணும், தோல் சிவந்து, விரலால அமத்தியும் அந்தச் சிவப்பு வெளுக்காட்டி அது புண் துவங்குற அடையாளம். அதை நேரத்தோட பிடிச்ச நேர்ஸுக்கு யாரும் மாலை போடமாட்டாங்க, ஆனா அந்த ஆள் புண்ணில்லாம வீட்டுக்குப் போவார். இந்த மாதிரி வேலையில உங்களுக்கு மனம் லயிக்குமா எண்டு கேட்டுப் பாருங்க, லயிக்கும் எண்டா ரெத்தம் ஒரு பிரச்சினையே இல்ல.

மருந்து குடுக்கக்குள்ள சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம், இந்த அஞ்சயும் ஒவ்வொரு முறையும் பார்க்கணும். ஆயிரம் தரம் குடுத்த மருந்தா இருந்தாலும்.

டியூட்டி நேரம் எப்படி?

பொதுவா காலம 7 இல இருந்து 1 மட்டும், 1 இல இருந்து பின்னேரம் 7 மட்டும், நைட் எண்டா 7 இல இருந்து காலம 7 மட்டும். சித்திரை வருஷம், பெருநாள், தேர், தீர்த்தம் எல்லாத்துக்கும் யாரோ ஒருத்தர் வோர்ட்டில நிக்கத்தான் வேணும். மட்டக்களப்பு, அம்பாறை வோர்ட்டுகளில ஒரு நல்ல பழக்கம் இருக்கு, பெருநாளைக்கு தமிழ்ப் பிள்ளையள் டியூட்டி எடுப்பாங்க, பொங்கலுக்கு முஸ்லிம் பிள்ளையள் எடுப்பாங்க, கேட்காமலே மாத்திக்கொள்ளுவாங்க.

வாப்பா நைட் டியூட்டிக்கு விடமாட்டன் எண்டு சொல்றார். என்ன சொல்ற?

வாப்பாட பயம் நியாயமானது, அவரோட சண்டை பிடிக்க வேண்டாம் மகள். அவரக் கூட்டிக்கொண்டு கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ காத்தான்குடி ஆதார வைத்தியசாலைக்கோ ஒரு நாளைக்குப் போங்க, அங்க வேலை செய்யிற முஸ்லிம் ராத்தாமாரோட பேச வைங்க. நைட்டில தனிய நிக்கிறதில்ல, கூட ஆக்கள் இருப்பாங்க, வெளிய போற சோலியும் இல்ல. உடுப்பு, தலை மறைக்கிறது பற்றி நீங்க சேரப்போற நிறுவனத்திட்ட முதலே தெளிவாக் கேட்டுக்கொள்ளுங்க. இன்னொண்டையும் வாப்பாட்ட சொல்லுங்க, உம்மாக்கு ஒரு வருத்தம் எண்டு வோர்ட்டில படுத்தா, அவவக் குளிப்பாட்ட, உடுப்பு மாத்த ஒரு பொம்பிளப் பிள்ளை வேணும் எண்டுதானே அவரும் விரும்புவார்? அந்தப் பிள்ளையும் யாரோ ஒருத்தர்ட மகள்தான்.

ஆம்பிளப் பிள்ளையள் சேரலாமா?

தாராளமா. டிகிரியிலயும் இருக்காங்க, டிப்ளோமாவிலயும் எடுக்கிறாங்க. தியேட்டர், ஐசியூ, விபத்துப் பிரிவு எல்லாத்திலயும் தம்பிமார் வேலை செய்யிறாங்க. ஊரில நக்கலடிக்கிறவங்களக் கணக்கில எடுக்க வேண்டாம்.

படிச்சி முடிச்சி வெளிநாடு போகலாமா?

போகலாம், போறவங்கள நான் குறை சொல்லமாட்டன். பிரிட்டனுக்கு எண்டா அங்கத்த தாதியர் பேரவைட கம்பியூட்டர் சோதினை ஒண்டு, பிறகு அங்க போய் செய்து காட்டுற ஓஸ்கி எண்ட சோதினை ஒண்டு. ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் எண்டா வாசிப்பு, கேட்டல், பேச்சுக்கு 7, எழுத்துக்கு 6.5 எடுக்கணும், அது இல்லாட்டி ஓஇடி எண்டு மருத்துவத் தொழிலாளருக்கெண்டே ஒரு சோதினை இருக்கு, நேர்ஸ்மாருக்கு அது கொஞ்சம் பழக்கமான பாஷை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் என்கிளெக்ஸ் எண்ட நேர்சிங் லைசென்ஸ் சோதினை. கல்ஃப் நாடுகளுக்கு அந்தந்த நாட்டு லைசென்ஸ் சோதினை, சேர்டிபிகட்டுகளச் சரிபார்க்கிறதுக்கு தனிய காசு. அனேகமான இடங்களில வேலை அனுபவமும் கேட்பாங்க. இது எல்லாத்துக்கும் முதல் இங்க பேரவைப் பதிவு, மேல சொன்னதுதான். ஏஜென்சிக்காரன் பதிவு இல்லாமலே நேர்சா அனுப்புறன் எண்டா, அங்க போய் வேற வேலைதான் செய்விப்பான்.

சம்பளம்?

அடிப்படைச் சம்பளத்துக்கு மேல கொடுப்பனவுகள், ஓவர்டைம் எல்லாம் சேர்ந்துதான் கைக்கு வரும். சுற்றறிக்கை வர வர மாறுறதால இங்க தொகை எழுதல்ல, வேலை செய்யிற ஒரு அக்காட்ட கேட்டா சம்பளச் சிட்டையவே காட்டுவாங்க.

இப்பவே என்ன ஆயத்தம் செய்யலாம்?

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ/எல், ஏ/எல் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம சேவகர் சான்றிதழ் எல்லாம் ஒரு ஃபைலில போட்டு வைங்க. பேர் எல்லாத்திலயும் ஒரே எழுத்தில இருக்கா எண்டு பாருங்க, பிறப்புச் சான்றிதழில ஒரு மாதிரி, அடையாள அட்டையில இன்னொரு மாதிரி இருந்தா இப்பவே கச்சேரியில திருத்துங்க, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ரெண்டு நாள் இருக்கக்குள்ள ஓடித்திரிய ஏலாது. ஹெபடைட்டிஸ் பி ஊசி பற்றியும் கேட்டுக்கொள்ளுங்க, வழமையா 3 ஊசி, முதல் ஊசி போட்டு ஒரு மாசத்தில ரெண்டாவது, ஆறு மாசத்தில மூண்டாவது. வோர்ட்டுக்குள்ள காலடி வைக்க முதல் அது முடிஞ்சிருந்தா நல்லம்.